தூக்குப்போசியில் வந்த எண்ணெய்

கம்பெனிக்காரர்கள் ஒருவர்கூட என்னை ஏமாற்றியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் விற்க வந்தார்கள், விற்க வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என்னை ஏமாற்றியது, என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி.

கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. நான் சமையலைப் பற்றி ஒரு பிளாக் எழுதுகிறேன். பிளாக் என்றால் இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எல்லோரும் வீடியோவுக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கேமரா முன்னால் நின்று கரண்டியை ஆட்ட வராது, எழுதத்தான் வரும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், கொள்ளை எவ்வளவு நேரம் வறுப்பது, எந்தக் குக்கரின் கைப்பிடி சீக்கிரம் ஆடும் என்று எழுதி எழுதியே படிப்பதற்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரிய கூட்டமில்லை. ஆனால் நான் ஒன்றை நல்லது என்று எழுதினால் கடைக்குப் போய் அதையே கேட்டு வாங்குகிற கூட்டம். என்னிடம் இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதனால் பிளாக்கின் தலையிலேயே எழுதி வைத்திருந்தேன்: காசு வாங்கிக்கொண்டு இங்கே எதுவும் எழுதுவதில்லை. கம்பெனி அனுப்பிய பொருள் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். ஒரு மாதம் புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுவேன். எழுதியதும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்த ஊரில் வீதிக்கு வீதி கிரைண்டர் கம்பெனி. எனக்கு வராத மெயில் இல்லை. "அன்புள்ள சார்" என்று ஆரம்பிக்கும் சில. வேறு எவருடைய பிளாக்கையோ புகழ்ந்துவிட்டு அடியில் என் பேரைப் போட்டிருக்கும் சில. கேட்பவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களே, அந்த ரகம். ஒரு கம்பெனி மட்டும் என் நிபந்தனைக்கெல்லாம் ஒத்துக்கொண்டு ஒரு கிரைண்டரை அனுப்பியது. மாவு நன்றாகத்தான் ஆட்டியது. ஆனால் ஆட்டி முடிப்பதற்குள் சுவரோரத்தில் வைத்த கிரைண்டர் சமையலறை வாசலுக்கு வந்துவிடும். "இந்தக் கிரைண்டர் நடக்கிறது. விருந்தாளி வந்தால் வாசல்வரை போய் வரவேற்கும்" என்று எழுதிவிட்டேன். மறுநாளே கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், நடக்குதுன்னு எழுதிப்போட்டீங்களே! கொஞ்சம் அசையுதுன்னு எழுதியிருக்கலாமுங்களே?"

"அசைஞ்சிருந்தா அசையுதுன்னு எழுதியிருப்பேனுங்க. அது நடந்துச்சுங்க."

மனுஷர் சிரித்துவிட்டார். அடியில் ரப்பரை மாற்றி மறுபடி அனுப்பினார்கள். அது நின்ற இடத்தில் நின்றது, அதையும் எழுதினேன். என் வீட்டுக்காரர் மட்டும், "உன்னைய நம்பி எவனாச்சும் விளம்பரம் குடுத்தான்னா அவன் உருப்பட்ட மாதிரிதான்" என்றார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது. வாசலில் நாயைக் கட்டி வைத்த வீட்டுக்காரியைப் போலத் தைரியமாக இருந்தேன்.

அவள் முதலில் வந்தது ஒரு கமென்ட்டாக. கொள்ளு ரசம் எழுதியிருந்தேன். "பண்ணிப் பாத்தேனுங்கக்கா, என்ற மாமியாரே ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாங்க" என்று கீழே எழுதியிருந்தாள். பல்லடம் பக்கம், கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம் என்றாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அதற்குப் பிறகு அவளுடைய கமென்ட் இல்லாமல் என் பதிவு ஒன்றுகூட இல்லை. காலையில் பதிவைப் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அவள் வந்திருப்பாள். வேறு யாராவது குதர்க்கமாகக் கேட்டால் எனக்காகச் சண்டைக்கும் போவாள். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம்பர் கொடுத்தேன், பேசினோம், ஒருநாள் வீட்டுக்கே வந்தாள்.

வரும்போது கையில் ஒரு தூக்குப்போசி. மூடியும் பிடியும் வைத்த எவர்சில்வர் பாத்திரத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒறம்பரையாக, அதாவது உறவுமுறையில் விருந்தாகப் போகிற வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போகமாட்டோம். பலகாரமோ, பாலோ, காயோ, ஏதாவது ஒன்று போசியில் போகும். போன போசியும் வெறுமனே திரும்பாது. வாங்கிக்கொண்ட வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் போசியைத் திருப்பிக் கொடுத்தால், இனிமேல் வராதே என்று அர்த்தம். அன்றைக்கு அவள் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தாள். நான் ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி சுட்டுப் போட்டுக் கொடுத்தேன். அப்படியே அந்தப் போசி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வர ஆரம்பித்தது.

இதற்கிடையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். கூடப்பிறந்தவர்கள் போனில் விசாரித்தார்கள். இவள் பஸ் மாறி பஸ் ஏறி வந்து நின்றாள். சமையலறையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள், கஞ்சி வைத்தாள், என் வீட்டுக்காரருக்கு ரசம் வைத்தாள். பிறகு என்னை எழுப்பி உட்காரவைத்து, சிக்குப் பிடித்துக் கிடந்த தலையை வலிக்காமல் சீவிப் பின்னிவிட்டாள். "கம்முனு கண்ணை மூடிட்டு இருங்கக்கா" என்றாள். அம்மா போன பிறகு என் தலையை இன்னொருவர் சீவிவிட்டது அன்றைக்குத்தான். நான் அழுதேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

எண்ணெய் வந்தது அதற்குப் பிறகுதான். "எங்க தோட்டத்துக் கடலைங்கக்கா. நாங்களே செக்குல குடுத்து ஆட்டினது. உடம்பு தேறற வரைக்கும் கடை எண்ணெய் வேண்டாமுங்க" என்று போசி நிறையக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் வறுத்த கடலை வாசம் கூடம்வரை வந்தது. தாளித்தால் பக்கத்து வீட்டம்மா என்ன சமையல் என்று கேட்டாள். நான் எழுதாமல் இருப்பேனா? "என் தங்கை மாதிரி ஒருத்தி கொண்டுவந்த எண்ணெய்" என்று ஆரம்பித்து, மனசை ஊற்றி எழுதினேன். கம்பெனி அனுப்பியது என்று முதல் வரியில் போடவில்லை, ஏனென்றால் கம்பெனியே இல்லை. ஒரு மாதம் புழங்கிப் பார்க்கவும் இல்லை. தூக்குப்போசியில் வந்ததை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா? எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் மனுஷியா என்று கேட்பார்கள்.

எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்தார்கள். அவளிடம் சொன்னேன். அவள் வேண்டவே வேண்டாம் என்றாள்.

"நமக்கெதுக்குங்கக்கா யாவாரம்? ஊட்டுக்கு ஆட்டறதுங்க."

"நாலு பேருக்கு நல்லது போகட்டுமே கண்ணு. எனக்காகச் செய்."

"நீங்க சொல்றதுனாலதானுங்க. கேக்கறவங்களுக்கு மட்டும் ஊத்தித் தாரேனுங்க."

நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. விளம்பரத்துக்கு வந்தவள் அவள். கெஞ்சியது நான். அவள் போன் நம்பரைப் பதிவில் போட்டது இந்தக் கைதான்.

பாட்டிலில் லேபிள் ஒட்டி வருகிறதே என்று ஒருவர் கேட்டார். அவளிடம் விசாரித்தேன். "பேரில்லாம அனுப்பினா கொரியர்காரங்க எடுக்க மாட்டேங்கறாங்கக்கா" என்றாள். சரி என்றேன். வெளுத்ததெல்லாம் பால் எனக்கு.

அவிநாசியில் ஒரு அம்மா இருக்கிறார். நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து படிக்கிறவர், வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறவர். அவருடைய பிழைப்பே அதுதான். அவர் ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க எழுதின அந்த எண்ணெயிலதான் கல்யாணத்துக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்தேன். வாரம் திரும்பறதுக்குள்ள சிக்கு வாடை அடிக்குதுன்னு டப்பாவோட திருப்பிக் கொண்டாந்து வெச்சுப்போட்டாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐயோ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "டப்பாவுல ஈரம் இருந்திருக்குமுங்க அக்கா. வெயில்ல கியில்ல வெச்சுட்டீங்களா?"

அந்தப் பக்கம் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கட்டுமுங்க அம்மணி" என்று போனை வைத்துவிட்டார். இவளிடம் சொன்னேன். "பாவமுங்கக்கா, பழைய எண்ணெயோட கலந்து சுட்டிருப்பாங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். என்னை வருஷக்கணக்கில் படித்தவரைச் சந்தேகப்பட்டேன், போசி கொண்டுவந்தவளைச் சந்தேகப்படவில்லை.

உண்மை சத்தியமங்கலத்திலிருந்து வந்தது. அங்கே மாடித்தோட்டம் பற்றி பிளாக் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சில்லை. எண்ணெய்ப் பதிவை அப்போதுதான் படித்தாராம். போனை எடுத்ததும் நேராகக் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கும் தூக்குப்போசியிலதான் வந்துச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அதே பெண்தான். அதே பல்லடம், அதே "எங்க தோட்டம்". ஆனால் அவருக்கு வந்தது நாட்டுச்சர்க்கரை. அவர் மகள் கல்யாணத்தில் முதல் நாளே வந்து பந்தியில் பரிமாறியிருக்கிறாள். அவரும் சர்க்கரையைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். பிறகு, கோயம்புத்தூரில் ஒரு மார்க்கெட்டிங் ஆபீஸில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன், அந்தக் கல்யாணத்து போட்டோவில் அவளைப் பார்த்துவிட்டு, இவங்க எங்க ஆபீஸாச்சே என்று கேட்டிருக்கிறான்.

"காசு வாங்காம எழுதறவங்களப் புடிக்கறதுக்குன்னே தனியா ஆள் வெச்சிருக்காங்களாமுங்க. அங்க அதுக்குப் பேரே ஒறம்பரை டீமுங்களாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே கசப்பாகச் சிரித்தார்.

என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவரும் அந்த எண்ணெயை வாங்கியிருந்தார். அந்தப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். என் போசியில் மிச்சம் இருந்ததையும் அதையும் இரண்டு கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்தேன். போசியில் கடலை மணத்தது. பாட்டிலில் எதுவுமே மணக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஒரு காறல் நின்றது. நல்ல எண்ணெய் எனக்கு, இது என் வாசகர்களுக்கு. அந்த அம்மாவிடம் ஈரமா, வெயிலா என்று கேட்ட என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சித்தெ வந்துட்டுப் போ கண்ணு" என்று போன் செய்தேன். வந்தாள். காபி கொடுத்தேன். பாதி குடிக்கவிட்டுக் கேட்டேன், "நீ எங்க வேலைக்குப் போறே?"

டம்ளரைக் கீழே வைத்தாள். மழுப்பவில்லை. "தெரிஞ்சுபோச்சுங்களா அக்கா" என்றாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"நீங்கதான் மேலயே எழுதி வெச்சிருக்கறீங்களேங்கக்கா, காசும் வாங்க மாட்டேன், பொருளையும் திருப்பி அனுப்பிப்போடுவேன்னு. அதைப் படிச்சுப்போட்டுத்தான் எங்க மேனேஜர் சொன்னாருங்க, இவங்ககிட்ட கம்பெனின்னு போனா வேலைக்காகாது, ஒறம்பரையாப் போங்கன்னு."

நான் வாசகர்களுக்காக எழுதி வைத்த வரிகள். அதை உட்கார்ந்து படித்து, எந்தச் சந்து திறந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். முன்வாசலில் நாயைக் கட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறேன்.

"கோழிப்பண்ணை?"

"அது நெசமுங்க. நட்டமாயிருச்சு. அதுக்கப்பறந்தான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன்."

"தோட்டம்?"

"தோட்டமில்லீங்கக்கா."

"கொள்ளு ரசம்?"

அதற்கு மட்டும் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர். "அது நெசமுங்கக்கா. அப்பெல்லாம் நான் சும்மா படிக்கறவதானுங்க. நீங்க எழுதினா எனக்கு அவ்வளவு புடிக்கும். இன்டர்வியூவுல அதைத்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் வேலையே குடுத்தாங்க."

முதலிலிருந்தே திருடி என்றால்கூட என் மனசு ஆறியிருக்கும். இவள் என்னை நிஜமாகவே நேசித்திருக்கிறாள், பிறகு அந்த நேசத்தையே கொண்டுபோய் விற்றிருக்கிறாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மாவா சொன்னார்கள்.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரியில இருந்து நான் வந்து கெடந்தப்ப வந்தியே. தலை சீவிவிட்டியே. அன்னிக்கு நீ ஊட்ல இருந்து வந்தியா, ஆபீஸ்ல இருந்து வந்தியா?"

டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் காத்திருந்தேன். ஊட்ல இருந்துதானுங்கக்கா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவளுக்கு இன்னொன்று பெரிய பாரமா? சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன்.

எழுந்தாள். எப்போதும் போல டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் அவள் போசியைத் துலக்கித் துடைத்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கைப்பழக்கத்தில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள், மூடினாள். "வாரேனுங்கக்கா" என்று சொல்லிப் போனாள்.

"ஒரு புடி சக்கரையாச்சும் போட்டிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"போட்டிருந்தா அதையும் போட்டோ புடிச்சு ஆபீஸ்ல காட்டியிருப்பாளுங்க" என்றேன்.

அன்றைக்கே பழைய பதிவை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். அவள் பேரைப் போடவில்லை. இவ்வளவு நாள் வாங்கித் தின்றுவிட்டு இப்போது பத்தினி வேஷமா என்று ஒருவர் எழுதினார். சொல்லட்டும், அவருக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ பேர் ஆறுதலாக எழுதினார்கள். ஒவ்வொரு ஆறுதலையும் படித்துவிட்டு, இது எந்த ஆபீஸிலிருந்து வருகிறது என்று யோசித்தேன். அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வியாதி இது. முன்பெல்லாம் கமென்ட்டைப் படித்தால் ஒரு முகம் தெரியும். இப்போது லேபிள் தேடுகிறேன்.

அவிநாசிக்கு பஸ் ஏறிப் போனேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பவில்லை, அதுதான் எங்கள் ஊர் மரியாதை. தண்ணீர் கொடுத்தார், காபி கொடுத்தார், நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்லீங்க, உங்களையும்தானே ஏமாத்திப்போட்டாங்க" என்றார். அந்தக் கல்யாண வீட்டு வகையறாவில் யாரும் இப்போது ஆர்டர் கொடுப்பதில்லை என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது சொன்னார்:

"முந்தியெல்லாம் நீங்க எழுதினா அப்படியே வாங்கிப்போடுவனுங்க அம்மணி. இனி மோந்து பாத்துட்டுத்தான் வாங்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

கொஞ்சம் முறுக்குக் கட்டிக் கொடுத்தார், ஒரு பிளாஸ்டிக் கவரில். அலமாரியில் தூக்குப்போசிகள் வரிசையாக இருந்தன. போசியில் கொடுத்தால் நான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். அவர் அதை நினைத்தாரா தெரியாது, நான் பஸ் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னமும் எழுதுகிறேன். பிளாக்கின் தலையில் ஒரு வரி கூடியிருக்கிறது: யார் எதில் கொண்டுவந்து கொடுத்தாலும், பாட்டிலோ போசியோ, முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. இனிமேல் என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

போன வாரம் கொள்ளுப் பருப்புக் கடைவது பற்றி எழுதினேன். பதிவைப் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு கமென்ட் என் அனுமதிக்காகக் காத்திருந்தது. பழைய பேரிலேயே வந்திருந்தாள். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எண்ணெயைப் பற்றியும் இல்லை.

"உடம்பு இப்ப எப்படி இருக்குங்கக்கா?"

நல்லாருக்கேன் கண்ணு என்று அடித்தேன். அழித்தேன். காபி ஆறிப்போனது. அந்தக் கேள்வியை வெளியிடவும் இல்லை, நீக்கவும் இல்லை. பதில் சொல்வதற்கு, கேட்பது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.